தைலமரத்தின் தண்டு நோயும் அதனைத் தடுக்கும் வழிகளும்

நோயென்பது மக்களுக்கும் விலங்குகளுக்கும் மட்டுமே உரியதன்று. ஓரிடத்தில் நின்று வளரும் மரஞ்செடிகளுக்கும் அஃது உண்டு. மனிதன் தன் நோயை வாய்திறந்து கூறுவான். மாடு தீன் உண்ணாது நின்று தன் நோயை உணர்த்தும். மரமோ நெடுநாள் மௌனமாயிருந்து, இறுதியில் இலை வாடிக் காட்டும்போதுதான் நாம் அதனை ஏறெடுத்துப் பார்க்கின்றோம். அப்பொழுது பெரும்பாலும் காலங் கடந்துவிடுகின்றது. ஆதலின், மரத்தின் நோயை அதன் தண்டிலே முற்கூட்டியே கண்டுகொள்ளும் வகையையும், கண்டபின் செய்யத்தக்க பரிகாரத்தையும், வராமற் காக்கும் நெறியையும் இவ்விழா மலரிலே சுருங்கக் கூற முற்படுகின்றேன்.

தமிழ் கற்பிக்கும் ஒருவன் மரநோய் பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். திருவள்ளுவர் தம் நூலில் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னதென்று தெளிதல், அதன் காரணத்தை ஆராய்தல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல், பின் பிழைபடாது செய்தல் என மருத்துவத்தின் படிகளை முறையாக வகுத்துள்ளார். அம்முறை மனிதனுக்கு மட்டுமன்றி மரத்துக்கும் முற்றும் பொருந்தும். அவ்வரிசையிலேயே இக்கட்டுரையும் செல்லும்.

தைலமரம் வந்த வரலாறு

யூக்கலிப்டஸ் என்னும் பெயரை 1788 இல் இம்மரவினத்துக்கு இட்டவர் லெரித்தியர் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலறிஞர். 'நன்கு மூடப்பட்டது' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இதன் பூவரும்பு சிறு மூடியொன்றினால் மூடப்பட்டிருத்தலே அப்பெயருக்குக் காரணமாயிற்று. அவுஸ்திரேலியாவே இதன் தாயகம். எழுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள. நம் நாட்டு நாவல், கொய்யா, ஜம்பு, கராம்பு என்பனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது பலரும் அறியாத செய்தி. இவ்வுறவு பின்னர் நமக்குப் பயன்படும்.

நீலகிரியில் இம்மரம் 1843 இல் நாட்டப்பட்டது. தமிழ்நாட்டார் அதன் எண்ணெயை இன்றும் நீலகிரித் தைலம் என்றே வழங்குவர். இலங்கையில் தேயிலை பெருகிய காலத்திலே, கொழுந்தை உலர்த்தும் விறகுக்காகவும் காற்றைத் தடுப்பதற்காகவும் மலைநாடெங்கும் இது நாட்டப்பட்டது. தோட்டத் தமிழ் மக்கள் இதனைக் கருப்பந்தைல மரம் என்பர். பின்னர் உலர்வலயத்துக்கு ஏற்ற இனங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, கமால்டுலென்சிஸ், தெரெற்றிகோர்னிஸ் என்னும் இரண்டும் வனத்திணைக்களத்தாரால் வறண்ட நிலப்பகுதிகளில் நாட்டப்பட்டன. முன்னையதன் பெயர் அவுஸ்திரேலிய ஊரொன்றின் பெயரன்று. இத்தாலியிலே நாப்பொலி நகரை அடுத்த கமால்டோலி என்னும் தோட்டத்தில் வளர்ந்த மரத்தைக்கொண்டு 1832 இல் இடப்பட்ட பெயராகும்.

வயல்களும் கிணறுகளும் செறிந்த நமது நிந்தவூர், காரைதீவு, சம்மாந்துறைப் பகுதிகளில் இம்மரத்தை எங்கே நாட்டலாம் என்பது தனியே ஆராயத்தக்கது. வேகமாக வளரும் மரம் நீரையும் வேகமாகவே உறிஞ்சும். ஆதலின் கிணற்றோரத்திலும் வயல்வரம்பிலும் இதனைத் தவிர்த்தல் நன்று. வளவின் எல்லையிலோ மேட்டுநிலத்திலோ ஏற்கெனவே நாட்டியுள்ளோர்க்கு அதனை நோயின்றிக் காக்கும் கடமை உண்டு.

அகக்காழும் புறக்காழும்

தண்டின் நோயை அறிவதற்குத் தண்டின் அமைப்பை அறிதல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலிலே, வெளிப்புறம் வைரம் உடையவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் உடையவற்றை மரம் என்றும் பகுத்தார். அவ்வகையில் தென்னையும் பனையும் கமுகும் புறக்காழ் உடையன. தைலமரமும் மாவும் வேம்பும் தேக்கும் அகக்காழ் உடையன. பண்டையோர் கண்ணாற் கண்டு கூறிய இப்பாகுபாடு, தாவரவியலார் இன்று நுணுக்குக்காட்டியாற் கண்டு கூறும் ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டோடு பெரிதும் ஒத்திருப்பது வியக்கத்தக்கது.

அகக்காழ் மரத்தின் பட்டையை நகத்தாற் சுரண்டினால், வெளிப்பட்டையை அடுத்து ஈரமும் உயிரும் உள்ள மெல்லிய படையொன்று தோன்றும். அதன் வெளிப்பக்கத்தே இலைகள் சமைத்த உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் உரியமும், உட்பக்கத்தே வேர் உறிஞ்சிய நீரை மேலே ஏற்றும் காழும் உள. இவ்விரண்டையும் ஈன்று மரத்தைப் பருக்கச் செய்வது, இடையிலே கடதாசித்தாள் போன்ற மென்மையுடன் அமைந்த மாறிழையம் ஆகும். மரத்தின் உயிர் இம்மெல்லிய வளையத்திலேயே தங்கியிருக்கின்றது. வளையத்தின் ஒரு பகுதி அழிந்தால் மரம் பிழைக்கும். அழிந்த இடத்தை இருமருங்கிலுமிருந்து புதுத்திசு வளர்ந்து மூடும். வளையம் முழுவதும் சுற்றி அழியுமாயின், அதற்கு மேலுள்ள பகுதி இறந்தேவிடும். தண்டு நோயினால் மரம் மடிவது பெரும்பாலும் இவ்வாறே.

நோயின் வகைகள்

தைலமரத்தின் தண்டைப் பற்றும் நோய்களுட் பெரும்பாலானவை பங்கசுக்களால் விளைவன. அவற்றை நான்கு வகையாக நோக்குவாம்.

முதலாவது, இளஞ்சிவப்பு நோய். இதனை உலகறியச் செய்ததில் நமது நாட்டுக்குத் தொடர்புண்டு. பேராதனைத் தாவரப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிட்ஸ் என்பார் இலங்கையிற் சேகரித்து அனுப்பிய பங்கசுக்களை ஆராய்ந்து, பேர்க்லி, புரூம் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1873 இல் இந்நோய்ப் பங்கசுக்குக் கோர்ற்றீசியம் சால்மொனிக்கலர் எனப் பெயரிட்டனர். இன்று அது எரித்திரீசியம் என்னும் பேரினத்தில் வைக்கப்படுகின்றது. இறப்பர், தேயிலை, கோப்பி, கொக்கோ, தோடை, மா, பலா என நூற்றுக்கு மேற்பட்ட மரஞ்செடிகளை இது பற்றும்.

மழைக்காலத்திலே, நீர் தங்கும் கிளைக்கவர்களில் முதலிற் சிலந்திவலை போன்ற வெண்பட்டு நூற்படலம் தோன்றும். பின் சிறுசிறு கொப்புளங்கள் எழும். அதன்பின் இளஞ்சிவப்புச் சுண்ணம் பூசினாற்போன்ற பூச்சொன்று பட்டையை மூடும். செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றும் நிலையும் உண்டு. உள்ளே பட்டை இறந்து வெடிக்கும். மேலுள்ள இலைகள் வாடிக் கருகி, உதிராது தொங்கும். நோயுற்ற இடத்துக்குக் கீழே புதுத்துளிர்கள் கூட்டமாய் எழும். மேலே காய்ந்த உச்சியும் கீழே பசுந்துளிருமாக நிற்கும் மரத்தைக் கண்டால் இந்நோயைச் சந்தேகித்தல் வேண்டும். 1970களிலே, மழை மிகுந்த கேரளத்தில் யூக்கலிப்டஸ் தோட்டங்கள் பல இந்நோயினாற் பெருஞ்சேதமுற்றன. அம்மாநிலத்தில் பீச்சி என்னுமிடத்திலே 1975 இல் நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையத்தார் இம்மரத்தின் நோய்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இரண்டாவது, அடித்தண்டுப் புண்நோய். இது 1917 இல் கியூபாத் தீவிலே முதன்முதல் விவரிக்கப்பட்டது. பட்டையிலுள்ள சிறு காயத்தின் வழியாகப் பங்கசு நுழைகின்றது. நிலத்தை அடுத்த அடித்தண்டிலே பட்டை கறுத்து, உட்குழிந்தோ வீங்கியோ வெடித்துக் காணப்படும். வெடிப்பினின்றும் செங்கபில நிறப் பிசின் ஒழுகும். இரண்டு மூன்று வயதுக்குட்பட்ட இளமரமாயின், புண் தண்டைச் சுற்றி வளைத்து, கோடையிலே மரம் ஒருசேர வாடி மடியும். முதுமரமாயின் பல்லாண்டு நிற்கும். ஆயின் அடி வலிமை குன்றிப் பெருங்காற்றில் முறியும். ஆசியாவிற் காணப்படும் இப்பங்கசு, கியூபா இனத்தினின்றும் வேறான தனியினம் என்பது 2010 இல் தெளிவாயிற்று. கராம்பு மரத்தையும் அது பற்றும். ஒரே குடும்பத்து மரங்களை நோயும் உறவறிந்து நாடுகின்றது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மூன்றாவது, வரட்சிப் புண்நோய். நமது கரையோரப் பகுதிக்கு மிக வேண்டியது இதுவே. மேற்கூறிய இரண்டும் மழையும் ஈரமும் மிக்க இடங்களில் வலுப்பன. நமக்கோ மாரிமழை ஐப்பசி தொடங்கித் தை வரையில் பெய்து ஓய்கின்றது. பின்னர்க் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலம் வெந்து மணல் சுடுகின்றது. பொற்றியோசுபேரியா என்னும் குடும்பத்துப் பங்கசுக்கள் நலமுள்ள மரத்தின் பட்டையிலும் தீங்கின்றி மறைந்து வாழ்வன. மரம் வரட்சியினாலோ, நெருப்பினாலோ, வேர்சேதத்தினாலோ தளர்வுற்றபோது அவை நோயாய் எழுகின்றன. நுனித்தண்டு கறுத்துக் கீழ்நோக்கி உலர்தலும், ஆங்காங்கே பட்டை வெடித்துப் பிசின் வடிதலும் இதன் அறிகுறிகளாம். வீட்டில் வறுமை புகுந்தபின் பழைய கடன்கள் தலைதூக்குவது போன்றது இது.

நான்காவது, நாற்றுமேடையில் வரும் தண்டழுகல். முளைத்த சில நாட்களில் இளநாற்றின் தண்டு மண்மட்டத்திலே நீர்க்கசிவுற்று, நூல்போல் மெலிந்து சாய்ந்துவிடும். சற்று வளர்ந்த நாற்றாயின் தண்டிற் கபிலநிறப் புண்கள் எழுந்து மேற்பகுதி கருகும். நெருக்கமாக விதைத்தல், மிகுதியான நீர், மிகுதியான நிழல், காற்றோட்டமின்மை என்னும் நான்குமே இதற்கு வாய்ப்பளிப்பன.

நோயல்லாதவற்றை நோயென மயங்கலாகாது

தைலமரத்தின் பட்டையிற் செம்பிசின் கண்டவுடனே பங்கசு நோயென்று அஞ்சவேண்டியதில்லை. எவ்விதக் காயம் பட்டாலும் இம்மரம் தன்னைக் காத்துக்கொள்ள இப்பிசினைச் சுரக்கும். ஆணி அறைந்த இடத்திலும் அது வடியும். பிசின் வடியுமிடத்தைச் சுற்றிப் பட்டையை நகத்தாற் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பசுமையோ வெண்மையோ ஈரத்தோடு தோன்றினால் அப்பகுதி உயிருடன் உள்ளது. கபிலநிறமாய் உலர்ந்து காணப்பட்டால் இறந்துவிட்டது. இறந்த பகுதி வாரந்தோறும் விரிந்து செல்லுமாயின் அது நோய். ஓரிடத்தே நின்று ஓரங்களிற் புதுத்திசு உருண்டு திரளுமாயின் அது ஆறிவரும் காயம்.

இளங்கன்று திடீரென வாடினால் அடியைத் தோண்டிப் பார்த்தல் வேண்டும். வறண்ட நிலத்திலே கறையான் வேர்க்கழுத்தின் பட்டையைச் சுற்றி அரித்துத் தின்றுவிடும். அதற்குப் பங்கசுமருந்து பயன்படாது. இலைக்காம்பிலும் இளந்தண்டிலும் சிறுமுடிச்சுக்கள் எழுந்து வளர்ச்சி குன்றினால், அது ஒருவகைச் சிறு குளவியின் செயல். 2001 இல் தென்னிந்தியாவிற் காணப்பட்ட இப்பூச்சி அங்கே பல தோட்டங்களைக் கெடுத்தது. காரணம் வேறாயின் மருந்தும் வேறாதலின், நோயைத் தெளியாது மருந்து தெளிப்போர் பணத்தை மண்ணிற் கொட்டுவோராவர்.

பரிகாரம்

முதலில் ஓர் உண்மையை ஒளியாது கூறுதல் வேண்டும். பட்டைக்கும் காழுக்கும் உள்ளே புகுந்துவிட்ட பங்கசை முற்றாக ஒழிக்கும் மருந்து ஏதுமில்லை. நாம் செய்யக்கூடியது, இறந்த பகுதியை அகற்றி, எஞ்சிய பகுதியைக் காத்து, மரம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ள உதவுதலேயாம்.

புண் தண்டின் சுற்றளவிற் பாதிக்குக் குறைவாயின் பின்வருமாறு செய்யலாம். மழையற்ற நாளொன்றைத் தெரிந்து, கூரிய கத்தியினால் இறந்த பட்டையைச் சிறிது சிறிதாகச் செதுக்கி, நாற்புறமும் உயிருள்ள பட்டை தோன்றும்வரை அகற்றுக. செதுக்கிய இடம் மேலும் கீழும் கூர்மையாய், தோணி வடிவில் இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் மழைநீர் தங்காது வழிந்தோடும். புதுத்திசுவும் விரைந்து மூடும். செதுக்கிய துண்டுகளை நிலத்திற் சிதறவிடாது சாக்கொன்றை விரித்துச் சேர்த்து எரித்துவிடுக. ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குச் செல்லுமுன் கத்தியை நெருப்பில் வாட்டுதலோ மதுசாரத்தில் துடைத்தலோ வேண்டும். இதனைச் செய்யாதவர் மருத்துவம் செய்வதாக எண்ணி நோயைத் தாமே காவிச் செல்வர். பின்னர்ச் செதுக்கிய இடத்திலும் அதன் ஓரங்களிலும் போர்டோப் பசையைத் தடிப்பாகப் பூசுக. மாரி தொடங்குமுன் மீண்டும் ஒருமுறை பூசுதல் நன்று. வெறுஞ்சுண்ணாம்பைத் தண்டிற் பூசிவிட்டு நோய் தீர்ந்ததென்றிருத்தல் தவறு. அது வெயிலின் வெப்பத்தைத் தடுக்குமேயன்றி நோயைத் தடுக்காது.

போர்டோக் கலவையின் வரலாறு சுவையானது. பிரான்சிலே போர்டோ நகரை அடுத்த திராட்சைத் தோட்டங்களில், வழிப்போக்கர் பழங்களைப் பறியாதிருக்கும்பொருட்டு வீதியோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது வழக்கம். அவ்வாறு தெளித்த கொடிகள் நோயின்றி இருப்பதைக் கண்ட மில்லார்டே என்னும் பேராசிரியர், ஆராய்ந்து 1885 இல் அதனை வெளியிட்டார். கள்வரைத் தடுக்க வந்த மருந்து பங்கசைத் தடுத்தது.

தெளிப்பதற்குரிய நூற்றுக்கு ஒரு வீதக் கலவைக்கு, மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேற்று 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம், நீர் 10 லீற்றர் வேண்டும். மயில்துத்தத்தைப் பொடிசெய்து 5 லீற்றர் நீரிற் கரைக்க. சுண்ணாம்பை வேறொரு பாத்திரத்தில் நீற்றி, வடித்து, 5 லீற்றர் ஆக்குக. பின் மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீரிற் சிறிதுசிறிதாக ஊற்றிக் கலக்குக. மட்பாத்திரமோ பிளாஸ்ரிக் பாத்திரமோ கொள்ளலாம்; இரும்பு, நாகப் பாத்திரங்கள் ஆகா. கலந்தபின் துருவற்ற இரும்புக் கத்தியொன்றைச் சிறிதுநேரம் அமிழ்த்தி எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியிற் செம்புநிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதாது. மேலுஞ் சிறிது சேர்க்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே பயன்படுத்துக. பூசுதற்குரிய பசைக்கு, அதே அளவு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் 1 லீற்றர் நீரிற் சேர்த்தல் போதும்.

மயில்துத்தம் நஞ்சு. அதன் நீலநிறம் சிறுவரைக் கவரும்; ஆதலின் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். எஞ்சிய கலவையை வாய்க்காலிலோ குளத்திலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது. செம்பு மீன்களைக் கொல்லும். கடைகளில் விற்கும் ஏனைய பங்கசுநாசினிகளை வாங்குமுன், அவை நம் நாட்டிற் பதிவுபெற்றவையா என்பதையும் அளவு யாது என்பதையும் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விசாரித்தறிதல் வேண்டும்.

புண் பாதிச் சுற்றளவைத் தாண்டிவிட்டதாயின் செதுக்குவதாற் பயனில்லை, வெட்டிவிடுவதே முறை. ஆயின் வெட்டுவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. இளஞ்சிவப்பு நோய் மேற்பகுதியைப் பற்றியதாயின், நோயின் கீழெல்லைக்குக் கீழே ஒரு சாணுக்குக் குறையாது விட்டு வெட்டலாம். அல்லது நிலத்தினின்றும் 10 முதல் 15 சதமமீற்றர் உயரத்திற் சாய்வாக வெட்டினால், அடிக்கட்டை மழையுடன் துளிர்க்கும். அவற்றுள் வலிய துளிர் ஒன்றையோ இரண்டையோ விட்டு ஏனையவற்றை நீக்குக. அடித்தண்டுப் புண்நோயாயின் அவ்வாறு விடலாகாது. நோயுற்ற கட்டையினின்றும் எழும் துளிரும் நோயுறும். கட்டையைத் தோண்டியெடுத்து எரித்துவிடுதல் வேண்டும்.

இன்னுமொன்று. வீதியோரத்திலும் பாடசாலை வளவிலும் வீட்டுக் கூரையருகிலும் நிற்கும் முதுமரத்தின் அடியிலே புண்ணிருப்பின், அதனை மரத்தின் நலன் பற்றிய செய்தியாக மட்டும் கொள்ளலாகாது. மக்களின் உயிர் பற்றிய செய்தியாகக் கொள்ளவேண்டும். 1978 நவம்பர் மாதச் சூறாவளி, நலமுள்ள மரங்களையும் வேரோடு சாய்த்ததை இப்பகுதியின் முதியோர் அறிவர். அடியழுகிய மரம் சூறாவளியை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஒரு சாதாரண வாடைக்காற்றே அதற்குப் போதும். அத்தகைய மரத்தின்கீழ் வகுப்பு நடத்துவதும் வாகனம் நிறுத்துவதும் தகாது. உரிய அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவித்து, அனுமதி பெற்று அகற்றுவித்தல் வேண்டும்.

வருமுன் காத்தல்

பரிகாரத்தினும் பாதுகாப்பே எளிது, மலிவு, பயனும் மிகுதி. அதனை நாற்றுமேடையிலிருந்தே தொடங்குதல் வேண்டும். மேடையை உயர்த்தி நீர் வடியச் செய்க. விதையை மணலோடு கலந்து ஐதாகத் தூவுக. காலையில் நீர் தெளிக்க. மாலையில் தெளித்த நீர் இரவெல்லாம் இலையிலும் தண்டிலும் தங்கி நோயை வளர்க்கும். முளைத்தபின் நிழலைப் படிப்படியாகக் குறைக்க. நாற்றொன்று அழுகிச் சாய்ந்தால், அதனையும் சூழவுள்ள நாற்றுக்களையும் மண்ணோடு அகற்றி, எஞ்சியவற்றுக்குப் போர்டோக் கலவையை மென்மையாகத் தெளிக்க.

நாட்டும்போது, பொலித்தீன் பையை முற்றாக அகற்றுதல் வேண்டும். நெடுநாட் பையிலிருந்து வேர் சுருண்ட கன்றை நாட்டினால், அது வளர்ந்தபின் தன் வேராலேயே தன் கழுத்தை நெரித்துக்கொள்ளும். மாரி மழையின் தொடக்கத்தில் நாட்டினால், கச்சான் வருமுன் வேர் ஆழச் செல்லும். மரத்துக்கு மரம் 2 முதல் 3 மீற்றர் இடைவெளி விடுதல் நன்று. நெருக்கமான தோட்டத்தில் ஈரம் உலர்வதில்லை, நீருக்குப் போட்டியும் மிகும். வேர்க்கழுத்தில் மண்ணைக் குவித்தலும், குப்பையைத் தண்டோடு ஒட்ட மூடுதலும் கூடா. முதல் இரண்டு கோடைகளில் இயன்றவரை நீர் ஊற்றுதல் வேண்டும். வரட்சிப் புண்நோய்க்கு நீரே முதல் மருந்து.

அனைத்திலும் தலையாயது, காயம் படாமற் காத்தல். நோயுற்ற மரங்களின் அடியை நோக்கினால், மண்வெட்டி பட்ட தழும்பையோ, ஆடு கடித்த வடுவையோ, சருகு எரித்த கருமையையோ, விளம்பரப் பலகை அறைந்த ஆணியையோ பெரும்பாலும் காணலாம். களையை அடிமரத்தின் அருகே கையாற் பிடுங்குக. ஆட்டையும் மாட்டையும் மரத்திற் கட்டாதிருக்க. குப்பையை மரத்தடியில் எரியாதிருக்க. கிளை நறுக்குதல் வேண்டுமாயின் மழையற்ற காலத்தில் நறுக்கி, வெட்டுவாயிற் பசை பூசுக.

இனத்தேர்வும் ஒரு பாதுகாப்பு. பிரேசில் நாட்டிலே 1970களில் அடித்தண்டுப் புண்நோய் பெருந்தோட்டங்களை அழித்தபோது, அழிவினிடையே நோயுறாது நின்ற மரங்களைத் தேடிக் கண்டு, அவற்றின் தண்டுத் துண்டங்களை வேரூன்றச் செய்து பெருக்கினர். கிராண்டிஸ், யூரோபில்லா என்னும் இரண்டினங்களின் கலப்பினையும் பயன்படுத்தினர். மருந்தினால் முடியாததைத் தேர்வு முடித்தது. நாமும் நோயுற்ற மரத்தின் விதையை எடாது, நலமுற்று நேராக வளர்ந்த மரத்தின் விதையையே எடுத்தல் வேண்டும்.

தென்னைக்கும் சவுக்குக்கும் ஒரு சொல்

நம்மவரிற் பலரிடம் தைலமரம் இல்லை. தென்னை இல்லாதார் ஒருவருமில்லை. தென்னையின் தண்டு வெடித்துச் செங்கபில நீர் ஒழுகும் நோயும் இலங்கையிலேயே முதலில் ஆராயப்பட்டது. பேராதனையிற் பங்கசியலறிஞராயிருந்த பெற்ச் என்பார் 1906 இல் அதனை விவரித்தார். அங்கும் நோயுற்ற திசுவைச் செதுக்கி அகற்றிப் போர்டோப் பசையோ தாரோ பூசுதலே முறை. ஆயின் தொல்காப்பியர் கண்ட வேறுபாட்டை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். புறக்காழ் உடைய தென்னைக்கு மாறிழையம் இல்லை. ஆதலின் செதுக்கிய பள்ளம் ஒருபோதும் தானே மூடாது. தைலமரத்தில் தாராளமாகச் செதுக்கலாம். தென்னையில் வேண்டிய அளவே செதுக்கி, பூச்சு உரியுந்தோறும் மீண்டும் பூசிவருதல் வேண்டும்.

கரையோர மணலில் நிற்கும் சவுக்குக்கும் தண்டு நோயொன்று உண்டு. பட்டை கொப்புளித்து வெடித்து, உள்ளிருந்து கரிப்பொடி போன்ற வித்திகள் வெளிப்படும். வேரோடு வேர் தொட்டு இந்நோய் அடுத்த மரத்துக்குப் பரவுமாதலின், நோயுற்ற மரத்தை வெட்டி எரித்து, சூழ அகழி வெட்டி வேர்த்தொடர்பை அறுத்தல் வேண்டும். 2004 திசெம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி வந்ததைக் கண்ட நமக்கு, கரையில் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் பெறுமதியையும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கோப்பி கற்பித்த பாடம்

1869 இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளில் மஞ்சட்பொடி போன்ற புள்ளிகள் தோன்றின. அக்காலத்திலே கோப்பியே இலங்கையின் பெருஞ்செல்வம். நல்ல விலை கிடைத்தமையால் பலரும் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. நிலைமை முற்றிய பின்னரே மார்சல் வோட் என்னும் இளம் அறிஞர் வரவழைக்கப்பட்டு, 1880 முதல் 1882 வரை இங்கிருந்து ஆராய்ந்தார். மலைக்குப் பின் மலையாகத் தடையின்றி ஒரே பயிரை நாட்டியமை நோய் பரவுதற்குத் திறந்த வழியாயிற்று என்பதை அவர் ஆராய்ச்சி காட்டியது. காரணம் தெளிவாயிற்று, கோப்பியோ மீளவில்லை. போர்டோக் கலவை உலகுக்குத் தெரியவந்த 1885 இல், இலங்கைக் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்துகொண்டிருந்தன.

இதனின்றும் நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. ஒரே மரத்தை இடைவிடாது நாட்டாது, வேம்பு, தேக்கு, மருது முதலியவற்றையும் இடையிடையே நாட்டுதல் வேண்டும் என்பது ஒன்று. சிறு புள்ளியாய் இருக்கும்போதே நோயைக் காணுதல் வேண்டும் என்பது மற்றொன்று.

நோய்க்கு வேலி தெரியாது. பங்கசின் வித்திகள் காற்றிலும் மழைத்துளியிலும் ஏறிச் செல்லும்போது, இது அட்டப்பள்ளம், இது நிந்தவூர் என்றோ, இது இந்துவின் வளவு, இது இஸ்லாமியரின் வளவு என்றோ பார்ப்பதில்லை. ஒருவர் தம் வளவில் நோயுற்ற மரத்தை வெட்டாது விட்டால், அடுத்த வளவார் இட்ட மருந்தெல்லாம் வீணாகும். ஒரே வாய்க்காலின் நீரைப் பங்கிட்டு உண்ணும் நாம், மரங்களின் நோயையும் கூடி நின்றே தடுத்தல் வேண்டும். கத்தியும் பசையும் ஒருவரிடம் இருந்தால் ஒழுங்கை முழுவதற்கும் போதும்.

மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு கூறுகள் உண்டென்று வள்ளுவர் வகுத்துரைத்தார். மரமே நோயாளி, மருந்தோ எளியது, மருத்துவர் பேராதனையிலும் கமநல நிலையங்களிலும் உள்ளனர். குறைவாயிருப்பது பேணுவோர் தொகையே. அவ்விடத்தை நம் கல்லூரி மாணவர் நிரப்புதல் கூடும். மாதம் ஒருமுறை, வகுப்புக்கு ஐவராகக் கொப்பியும் பென்சிலுங் கொண்டு வளவிலுள்ள ஒவ்வொரு மரத்தின் அடியையும் சுற்றிப் பார்த்து, பட்டை வெடிப்பு, பிசின், நிறமாற்றம், காய்ந்த நுனி என்பவற்றைக் குறித்துவரட்டும். மாரிக்கு முன் ஒருமுறையும் மாரி ஓய்ந்தபின் ஒருமுறையும் ஆசிரியர் உடன் சென்று பார்க்கட்டும். பழைய மாணவர் சங்கத்தார் கத்தி, மயில்துத்தம், சுண்ணாம்பு என்பவற்றை வாங்கி உதவுவாராயின், அது விழாக்காலத்தில் நாட்டும் ஒரு புதுமரத்தினும் பெரிய அறமாகும். மரம் நாட்டுவோர்க்குப் புகைப்படமும் மாலையும் கிடைக்கும்; நாட்டிய மரத்தைப் பேணுவோர்க்கு நிழல் கிடைக்கும். அந்நிழல் அவருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பின் இக்கல்லூரியிற் பயில வருவோர்க்கும் உரியதாகும்.